95 டிகிரி: கோளாறா, கணக்கா?

புது டெஸ்க்டாப் வாங்கியவர் வெப்பநிலை காட்டும் மென்பொருளைப் போட்டுப் பார்க்கிறார். எண் 95-ஐத் தொட்டதும் கடைக்காரருக்குப் போன் போகிறது. 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்டி ரைசன் 7000 வரிசையைப் பொறுத்தவரை அதற்கான பதில் எளிது: 95 டிகிரி செல்சியஸ் கோளாறல்ல, திட்டமிட்ட எல்லை.

இதில் நியாயம் இருக்கிறது. முழுப் பளு விழும்போது, மின்வரம்போ 95 டிகிரியோ எது முந்துகிறதோ அதுவரை சிப் வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும். தொட்டதும் தானே தணித்துக்கொள்ளும். கருகிவிடும் என்ற பயம் வேண்டாம். பெரிய கூலர் மாட்டினால் எண் இறங்காமல் வேகம் கூடலாம். கொடுத்த காசுக்குச் சிலிக்கானைக் கடைசிச் சொட்டுவரை பிழியும் முறை இது.

பழைய ஏஎம்4 சாக்கெட்டுக்கான கூலர்கள் புதுச் சாக்கெட்டிலும் பொருந்தட்டும் என்று சிப்பின் மேல்தகட்டைத் தடிமனாக்கினார்கள். வாங்குபவருக்குக் கூலர் செலவு மிச்சம். ஆனால் நகத்தளவு சிப்லெட்டில் பிறக்கும் சூடு கூடுதல் உலோகத்தைத் தாண்டித்தான் வெளியேற வேண்டும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு. ஊதுபத்திக் கங்கு பல நூறு டிகிரியில் கனன்றாலும் அறை புழுங்குவதில்லை. ஓர் அண்டா வெந்நீர் புழுங்க வைத்துவிடும். அறைக்குள் இறங்குவது டிகிரி அல்ல, வாட். 16 கோர் ரைசன் 9 7950எக்ஸ் 230 வாட் வரை இழுக்கும். மூன்று பழைய சீலிங் ஃபேன்கள் தின்னும் மின்சாரம், மொத்தமும் சூடாக அறைக்குள் வருகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லிக்விட் கூலரும் அதைக் குறைக்காது. சிப்பிலிருந்து எடுத்து அறையில் கொட்டும், அவ்வளவே. 22 டிகிரி ஏசி அறையில் சோதித்த கூலரை 36 டிகிரி மே மாத மதியத்தில் ஓட்டினால், தொடக்கத்திலேயே 14 டிகிரி நஷ்டம்.

கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மின்னழுத்தத்தை ஏற்ற வேண்டும். மின்செலவோ அழுத்தத்தின் வர்க்கமாக ஏறும். பயாஸில் ‘105 வாட்’ என்று பெயரிட்ட ஈகோ மோடைப் போட்டால், இதே சிப்பின் உண்மையான மின்வரம்பு 230-இலிருந்து 142 வாட்டுக்கு இறங்குகிறது. மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். வேகத்தில் இழப்பு சொற்பம். கேம் ஆடுபவருக்குத் தெரிவதே அரிது. அந்தக் கடைசி வேகம் வேண்டுபவர் மட்டும் தேடிப்போக வேண்டியது 230 ஆக இருந்திருக்கலாம். இங்கே 142-ஐத் தேட வேண்டியிருக்கிறது.

இன்னொரு இழப்பும் உண்டு. முன்பெல்லாம் எண் ஏறினால் பேஸ்ட் காய்ந்துவிட்டது, தூசி அடைத்திருக்கிறது என்று பொருள். 95 சகஜமானபின் அந்த எச்சரிக்கை மணி ஊமையாகிவிட்டது. கூலரின் அடியில் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டியவருக்கும் அதே 95தான் தெரியும். ஆகவே பக்கத்தில் ஓடும் வாட் கணக்கையும் சேர்த்துப் படியுங்கள். 7950எக்ஸில் 220 வாட்டில் 95 என்றால் சிப் உழைக்கிறது. 120 வாட்டிலேயே 95 என்றால் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்.