சொந்தக் காசு மாதிரி: பொது நிதி விதி 21ஐ முன்வைத்து

மத்திய அரசு அலுவலகங்கள் எப்படிச் செலவு செய்யவேண்டும் என்று சொல்லும் பொது நிதி விதிகள் முதலில் 1947இல் வந்தன. பிறகு 1963, 2005, 2017 என்று மூன்று முறை திருத்தி எழுதப்பட்டன. மொத்தம் முந்நூறுக்கும் மேற்பட்ட விதிகள். பெரும்பாலானவை டெண்டர், ஸ்டோர் கணக்கு, மானியம் என்று தூக்கம் வரவழைக்கிற சமாச்சாரம்தான். 21ஆவது விதி மட்டும் வேறு மாதிரி. அதன் சாரம் இது: சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தக் காசைச் செலவழிக்கும்போது எவ்வளவு கவனமாக இருப்பாரோ, அதே கவனத்தை அதிகாரி பொதுப்பணத்திலும் காட்டவேண்டும்.

எனக்குப் பிடித்த வரிதான். ஆனால் திரும்பத் திரும்ப வாசித்ததில், இது நல்ல வாக்கியம், ஆனால் பாதி எழுதப்பட்ட சட்டம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

முதலில் அதன் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். பீகார் மாட்டுத்தீவன ஊழல் எல்லோருக்கும் தெரியும். 1996 ஜனவரியில் சாய்பாசாவில் (இப்போது ஜார்க்கண்டில் இருக்கிறது) துணை ஆணையராக இருந்த அமித் கரே, கால்நடைத் துறையின் பெயரில் கருவூலத்திலிருந்து எடுக்கப்பட்ட தொகை அளவுக்கு மீறி இருப்பதைக் கவனித்து, அந்தத் துறை அலுவலகத்தில் சோதனை போட்டார். அப்புறம்தான் மொத்தமும் வெளியே வந்தது. மாடுகளை ஏற்றிவந்ததாகக் காட்டிய வண்டிகளின் நம்பரை எடுத்துப் பார்த்தால், அதில் ஸ்கூட்டர் எல்லாம் இருந்தது. யோசித்துப் பாருங்க. அந்த பில் ஒவ்வொன்றும் பல மேஜைகளைத் தாண்டித்தான் போயிருக்கும். ஒவ்வொருவரும் தன் கையெழுத்துக்கான கட்டம் எங்கே என்று பார்த்திருப்பார்களே தவிர, பில்லைப் பார்த்திருக்க மாட்டார்கள். சொந்தக் காசாக இருந்தால் ஸ்கூட்டரில் எருமை ஏறாது என்பது யாருக்குத்தான் தெரியாது? விதி 21 கேட்பது இந்தச் சாதாரணப் பார்வையைத்தான். அந்த அளவில் அதற்கு ஒரு சல்யூட்.

சிக்கல் அந்த உவமையில் இருக்கிறது. என் சொந்தக் காசு மார்ச் 31ஆம் தேதி ராத்திரி காலாவதி ஆவதில்லை. மிச்சம் பிடித்தால் ஏப்ரலிலும் அது என் காசுதான். அலுவலகத்துக்கு அப்படி இல்லை. செலவழிக்காத ஒதுக்கீடு திரும்பப் போய்விடும், அடுத்த வருஷம் "போன தடவையே உனக்கு இவ்வளவு தேவைப்படலையே" என்று வெட்டிவிடுவார்கள். மிச்சம் பிடித்தவருக்குத் தண்டனை. அதனால் மார்ச்சில் நாற்காலி வாங்குவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், பயிற்சி முகாம் நடத்துவார்கள். வருஷக் கடைசியில் அவசர அவசரமாகச் செலவழிப்பது நிதி ஒழுங்கை மீறுவது என்று இதே தொகுப்பின் 62ஆவது விதி சொல்கிறது. அவசரத்தை உண்டாக்கும் ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு அவசரப்படாதே என்று எழுதிவைப்பது, சிக்னலே இல்லாத நாற்சந்தியில் "நிதானம் தேவை" போர்டு வைக்கிற மாதிரி.

இன்னொன்று. எங்கள் வீட்டு மோட்டார் கெட்டுப்போனால் நான் இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்பேன். ஆனால் இருப்பதிலேயே குறைந்த விலை சொன்னவரைத்தான் கூப்பிடுவேன் என்று கிடையாது. போன தடவை ஒழுங்காக வேலை செய்தவருக்கு ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுக்க யோசிக்கமாட்டேன். சாதாரண விவேகம் என்றால் அதுதானே? இதையே ஓர் அதிகாரி செய்தால் "எல்-1 இருக்கும்போது ஏன் இவருக்குக் கொடுத்தீங்க?" என்று ஆடிட்டில் கேட்பார்கள். நிதி அமைச்சகத்துக்கும் இது தெரியும். கட்டுமானப் பணிகளிலும்கூட, சில நிபந்தனைகளோடு, தரத்துக்கு மதிப்பெண் போடலாம் என்று 2021 அக்டோபரில் ஒரு வழிகாட்டுதல் வந்தது. ஆனால் அந்த மதிப்பெண் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆக, சொந்தக் காசு மாதிரி நினை, ஆனால் சொந்தக் காசு மாதிரி முடிவெடுக்காதே. இதற்கு நியாயம் உண்டு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். என் பிளம்பர் என் மச்சானாக இருந்தால் யாருக்கும் கவலையில்லை, அதிகாரியின் கான்ட்ராக்டர் அவர் மச்சானாக இருக்கக்கூடாது. அப்படியென்றால் அந்த உவமை எங்கே நிற்கவேண்டும் என்று விதியே சொல்லியிருக்க வேண்டும்.

இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். என் பெரிய குறை இது: கவனமாக இரு என்கிற சட்டம், கவனமாக இல்லாவிட்டால் யாருக்கு என்ன ஆகும் என்பதில் தலைகீழாக வேலை செய்கிறது.

விதி 37, மோசடியாலோ அலட்சியத்தாலோ நஷ்டம் வந்தால் அதிகாரி சொந்தமுறையில் பொறுப்பு என்கிறது. இன்னொருவரின் அலட்சியத்தால் வந்த நஷ்டத்துக்கும், தன் செயலால் அதற்கு எவ்வளவு துணைபோனாரோ அந்த அளவுக்கு அவர் பொறுப்பு. பிரமாதமான வாக்கியம். ஆனால் மத்திய அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் 11ஆவது விதியைப் பார்த்தால், அலட்சியத்தால் வந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடிப்பது "சிறு தண்டனை" பட்டியலில் இருக்கிறது. சிறு தண்டனைக்கு முழு விசாரணை கட்டாயமில்லை. விளக்கம் கேட்டு, பதில் வாங்கி, உத்தரவு போட்டுவிடலாம்.

அதே பணம் கோடிகளில் போய், பொறுப்பானவர் மேலே இருந்தால்? குற்ற வழக்குக்குப் போகவேண்டும். அங்கே நம்பிக்கை மோசடிப் பிரிவுக்கு (பழைய 409, இப்போது நியாய சம்ஹிதாவில் 316(5)) நேர்மையற்ற நோக்கத்தை நிரூபிக்கவேண்டும். நடைமுறையைப் பின்பற்றாதது நிர்வாகத் தவறாக இருக்கலாம், அதை மட்டும் வைத்து நேர்மையற்ற நோக்கம் என்று சொல்லிவிட முடியாது என்று 1974இலேயே அனில் குமார் போஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரியான தீர்ப்பு என்றுதான் நினைக்கிறேன். அலட்சியமும் திருட்டும் ஒன்றல்ல.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பிரிவு இருந்தது. ஊழல் தடுப்புச் சட்டம் 1988, பிரிவு 13(1)(டி)(iii): பொதுநலன் ஏதுமில்லாமல் இன்னொருவருக்குப் பண ஆதாயம் வாங்கிக்கொடுத்தாலே குற்றம். மிக அகலமான வலை. நிலக்கரி ஒதுக்கீட்டு வழக்கில் முன்னாள் செயலாளர் எச்.சி. குப்தா 2017இல் தண்டிக்கப்பட்டபோது, லஞ்சம் வாங்கியதாக அவர்மேல் குற்றச்சாட்டே இல்லை. அதிகாரிகள் பயந்துபோனதில் ஆச்சரியமில்லை. பயந்த அதிகாரி ஃபைலைக் கிடப்பில் போடுவார், அந்தத் தாமதத்தால் போகிற பணம் யார் கணக்கிலும் ஏறாது. 2018இல் திருத்தம் வந்தது, பிரிவு காலி.

எனக்கு ஆதங்கம் என்னவென்றால், அதைச் சரிசெய்ய வழி ஏற்கெனவே கையில் இருந்தது. 2011இல் ரூணு கோஷ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுக்கு ஓர் எல்லை போட்டது. வெறும் தவறான முடிவு போதாது, பொதுநலனைக் காக்க எடுத்திருக்கவேண்டிய நியாயமான முன்னெச்சரிக்கைகளை அப்பட்டமாக விட்டிருக்கவேண்டும் என்று. விதி 21இன் விவேகத்துக்குப் பல் முளைத்த வடிவம் இது. அதைச் சட்டமாக எழுதியிருக்கலாம். பக் வருகிறது என்று ஃபங்ஷனையே டெலீட் செய்துவிட்டார்கள். கோட் ரிவ்யூவில் ஜூனியர் பையன் இப்படிச் செய்தால்கூட விடமாட்டோம்.

எனவே இப்போது அப்பட்டமான பெரிய அலட்சியம் பெரும்பாலும் ஆடிட் பாராவாக மட்டுமே மிஞ்சுகிறது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை துறையைச் சொல்லும், தொகையைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. பொதுக்கணக்குக் குழுவின் முன்னால் வந்து பதில் சொல்பவர் அன்றைக்கு அந்த நாற்காலியில் இருப்பவர், கையெழுத்துப் போட்டவர் எப்போதோ மாறிப் போயிருப்பார்.

எங்கள் பெரியப்பா ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் ஸ்டோர்கீப்பர். தொண்ணூறுகளில், நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, குடோன் கூரை ஒழுகி சிமென்ட் மூட்டைகள் கல்லாகிப் போயின. நஷ்டம் அவர் தலையில் விழுந்தது. விளக்கம் கேட்டார்கள், கொடுத்தார். ரெக்கவரி போட்டுவிட்டார்கள், மாதாமாதம் சம்பளத்தில். கூரையை ரிப்பேர் செய்யச் சொல்லி மூன்று தடவை எழுதியிருந்தார், அனுமதி வரவேயில்லை. அனுமதி கொடுக்காதவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. "அவரு எதுலயும் கையெழுத்தே போடலையேடா, எப்படிக் கேப்பாங்க?" என்பார் பெரியப்பா, கோபமே இல்லாமல்.

நஷ்டத்துக்குத் துணைபோனவரும் பொறுப்பு என்கிற விதி 37இன் அந்த இரண்டாவது வாக்கியத்தைப் போன மாதம் அவருக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படி என்றார். பிறகு எழுந்துபோய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அந்த மூன்று கடிதங்களின் கார்பன் காப்பியை எடுத்துவந்தார். இரண்டில் 'பெறப்பட்டது' சீல் தெளிவாக இருக்கிறது.