உளுந்து விதைக்கச் சொல்பவர்கள்

ஒரே பயிரை நம்பாதீர்கள், பயிரை மாற்றிப் பாருங்கள் என்று காவிரிப் படுகை விவசாயியிடம் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. சம்பாவோ தாளடியோ அறுப்புக்கு வர ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே நிற்கும் பயிருக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவது தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நடப்பதுதான். உழவு இல்லை, பாசனமும் இல்லை. மண் மெழுகுப் பதத்தில் இருந்தால் போதும். மிச்ச ஈரமும் தை, மாசிப் பனியும் செடியை வளர்த்துவிடும். 65, 70 நாளில் பிடுங்கிக் களத்தில் போட்டு அடிக்கலாம். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடி 3 உளுந்து இந்த நெல் தரிசுக்குப் பொருந்தி வந்த ரகம்.

ஏக்கருக்கு 10, 12 கிலோ விதை, பூக்கும்போதும் காய் பிடிக்கும்போதும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல், பிடுங்கவும் அடிக்கவும் கூலி. கையிலிருந்து போகும் காசு பெரும்பாலும் இவ்வளவுதான். வேர் முடிச்சுகள் தழைச்சத்தைச் சேர்ப்பது உபரி லாபம். ஆனாலும் இதை வருமானம் பெருக்கும் பயிர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஏக்கருக்கு 2, 3 குவிண்டால் கண்டால் நல்ல மகசூல். மஞ்சள் தேமல் நோய் விழுந்தால் அதுவும் இல்லை. நெல் காலை வாரிய ஆண்டில் நகையைத் திருப்பவோ வட்டி கட்டவோ உதவும் பயிர் இது. ஒன்றிரண்டு ஏக்கர்க்காரருக்கு அதுவே பெரிது.

அப்படியிருந்தும் பலர் ஏன் விட்டார்கள்? அறுவடை வண்டியைப் பாருங்கள். ஆள் வைத்து அறுத்த காலத்தில் முளைத்த உளுந்து மிதிபட்டாலும் நிமிர்ந்துகொள்ளும். செயின் வண்டி திரும்பும் இடத்தில் ஈரமண் புரண்டு ஈரிலைச் செடி அப்படியே புதைகிறது. வண்டி கக்கும் வைக்கோல் மிச்சத்தை மூடுகிறது. அதைவிடத் தொல்லை தேதி. அறுப்பு நாள் தெரிந்தால்தானே அதற்கு முன் விதைக்க முடியும்? வண்டி நம் வயலுக்கு என்று வரும் என்பதை முடிவு செய்பவர் வண்டி ஏஜெண்ட். ஒரு வாரம் தள்ளினால் செடி உயர்ந்து செயினுக்கு இரையாகும். மேட்டூர் அணை ஜூன் 12-ஐத் தாண்டித் திறக்கும் ஆண்டில் தாளடி அறுப்பே பனிக்காலம் முடிகிறபோதுதான். 2021 ஜனவரி போலப் பருவம் தப்பிய மழை வந்தால் நெல்லும் போகும், தெளித்த விதையும் அழுகும். இடரைப் பிரித்துப் போடும் உத்தி என்று புகழப்படுவது, ஒரே மழையில் இரண்டையும் இழக்க வைக்கிறது. கருத்தரங்குகளில் இந்தப் பக்கத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

அடுத்தது விலை. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை, சாதா நெல்லுக்குக் குவிண்டால் 2,369 ரூபாய், உளுந்துக்கு 7,800. கணக்குப் பார்த்தால் மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் நெல்லுக்கு ஊருக்குப் பக்கத்திலேயே நேரடிக் கொள்முதல் நிலையம் இருக்கிறது. காத்துக் கிடந்தாலும் கடைசியில் எடை போட்டுவிடுவார்கள். உளுந்துக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் வரை வண்டி பிடிக்க வேண்டும், முன்பதிவு வேண்டும், சிட்டா அடங்கல் வேண்டும். வாய்வார்த்தைக் குத்தகையில் பயிர் வைப்பவர் அடங்கலுக்கு எங்கே போவார்? வீட்டுத் திண்ணையில் தராசு வைக்கும் வியாபாரிக்கே போடுகிறார். 2021 மே மாதத்தில் உளுந்து இறக்குமதி கட்டுப்பாடின்றித் திறந்துவிடப்பட்டது. பர்மா உளுந்து வரத்தைச் சொல்லியே வியாபாரி விலையை இறக்குவார்.

கோடைப் பருத்திக்குப் போனவர்கள் கதையும் தனி இல்லை: வெடித்த பருத்தி மழையில் நனைந்தால் கேட்கிற விலைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

ஆகவே பயிர் மாற்றத்தின் மீது எனக்குக் குறையில்லை. அதை விவசாயியின் மனமாற்றப் பிரச்சினையாகப் பார்ப்பதில்தான் குறை. கொள்முதலும் இயந்திரமும் நெல்லைச் சுற்றி அமைந்திருக்க, வேறு பயிர் வைப்பவர் தன் பொறுப்பில் வைக்கிறார். கிராமவாரியாக வண்டி வரும் தேதியை முன்கூட்டிச் சொல்வதற்குப் புதிய திட்டம் எதுவும் தேவையில்லை. பங்குனிக் கடைசியில் நெல் வரத்து ஓய்ந்த கொள்முதல் நிலையத்திலேயே, அதே தராசில், குத்தகைதாரரின் உளுந்தையும் எடை போடலாம். சாக்கும் கிடங்கும் போதாது என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். நெல் மூட்டைகளே மழையில் நனைகிற நாட்டில் அது நியாயமான பதில்தான். அப்படியானால் உளுந்து விதைக்கச் சொல்வதற்கு முன் கிடங்கைக் கட்டட்டும்.