நான்கு கால் போதாது, முட்டும் வேண்டும்

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் வழியில், ஆமத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு ட்ரெய்லர் லாரி புதிதல்ல. இழுவை வண்டி கழன்று போன பிறகு, முன்பக்கம் இரண்டு இரும்புக் கால்களை ஊன்றிக்கொண்டு நீளமான ட்ரெய்லர் தனியாக நிற்கும். அதன் முன்வயிற்றுக்கு அடியில் தடித்த முளை ஒன்று கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் கிங்பின். இழுவை வண்டியின் முதுகில் கிரீஸ் பூசிக் கிடக்கும் வட்டத் தட்டு ஃபிஃப்த் வீல். கிங்பின்னும் தட்டும் பூட்டிக்கொண்டால் இரண்டு வண்டியும் ஒரே வண்டி.

அமெரிக்காவிலும் கனடாவிலும் குடும்பங்கள் பிக்கப் டிரக்கில் இழுத்துச் செல்லும் ஃபிஃப்த் வீல் கேம்பர் என்ற வீட்டு வண்டியிலும் இதே ஏற்பாடுதான். பின்னின் குறுக்களவுகூடச் சரக்கு ட்ரெய்லருக்கு உள்ள அதே இரண்டு அங்குலம். விமானத் துறை முன்னோடி கிளென் கர்ட்டிஸ் 1920களின் இறுதியில் தன் ஏரோகார் வீட்டு வண்டியைக் காரின் பின்புறத்தோடு இணைக்க, விமானச் சக்கரம் ஒன்றைப் படுக்கவைத்துப் பயன்படுத்தினார். குலுக்கல் வீட்டுக்குள் வரக்கூடாது என்ற கவலை அப்போதே தொடங்கிவிட்டது.

ஓடும்போது வரும் குலுக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும். நிறுத்திய பிறகு வருவதுதான் இங்கே பேச்சு. சரக்கு ட்ரெய்லர் நின்ற இடத்தில் ஆடினால் யாருக்கும் நஷ்டமில்லை, பெட்டிக்குத் தூக்கம் கெடாது. உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்த வண்டியில், ஒருவர் பின்கட்டுக்கு எழுந்து நடந்தால் முன்கட்டில் படுத்திருப்பவர் விழித்துக்கொள்வார். முன்னால் இரண்டு கால், பின்னால் இரண்டு ஜாக்கி என நான்கு மூலையிலும் ஊன்றிய பிறகும் இதுதான் கதை.

காரணம் காலின் பலக்குறைவு அல்ல. ஐந்து, ஆறு டன் வண்டியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு முன்பக்கம் விழுகிறது, அதைக் கால்கள் தாராளமாகத் தாங்கும். ஆனால் ஒவ்வொரு காலும் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் இறங்குவது. உள்ளே ஏறி இறங்க இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியே ஆட்டம். காலை எவ்வளவு நீட்டுகிறோமோ அவ்வளவுக்கு ஆட்டம் கூடும். மீதி எடை வில்பட்டையின் மீதும், காற்றடைத்த டயரின் மீதும் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுமே அசைவதற்காகச் செய்யப்பட்டவை. பக்கவாட்டில் தள்ளும் விசையைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை.

கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறவர் நேர்க்கழிகளை நட்டதும் குறுக்காக ஒரு கழியைச் சாய்த்துக் கட்டுவார். லிப்பர்ட் நிறுவனம் விற்கும் ‘ஜேடி ஸ்ட்ராங் ஆர்ம்’ போன்ற முட்டுக்கம்பிகள் செய்வதும் அந்த வேலையைத்தான். ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இரண்டு குழாய்கள். ஒரு முனை காலின் அடிப்பாகத்தில், மறுமுனை சேஸிஸில். கால் இறங்கும்போது கம்பியும் கூடவே நீளும். வண்டி மட்டமானதும் நடுவில் உள்ள போல்டை முறுக்கினால் குழாய் இறுகி, காலும் சேஸிஸும் கம்பியும் சேர்ந்து அசையாத முக்கோணம் ஆகிவிடும். வண்டியின் நீளவாக்கில் சில கம்பிகள், குறுக்குவாக்கில் சில. ஒரு திசையில் மட்டும் போட்டுவிட்டு ஆட்டம் போகவில்லை என்று குறைப்படுவதில் பயனில்லை.

பொருத்துவது கடினமான வேலை அல்ல. ட்ரில், ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு நாளுக்குள் முடியும். நிதானம் வேண்டிய இடம் சேஸிஸில் துளை போடுவது. ஐ-வடிவச் சட்டத்தின் நடுச்சுவரில் துளைக்கலாம். மேல், கீழ்த் தகடுகளில் ஓட்டை போட்டால் சட்டத்தின் வலுவே குறையும். பிரேக் வயரும் கேஸ் குழாயும் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று முதலில் குனிந்து பார்த்துவிட வேண்டும். கம்பி காலை ஒட்டி நெட்டுக்குத்தாக நின்றால் பாதிப் பணம் வீண். நன்றாகச் சாய்ந்திருந்தால்தான் முட்டுக் கொடுக்கும்.

வெல்டிங் வைத்துவிடலாமே என்று கேட்கலாம். பட்டாசு ஆலைகள் சூழ்ந்த இந்தப் பக்கத்தில் கிரைண்டர் பொறி பறக்கும் வேலையைக் கண்ட இடத்தில் செய்ய முடியாது. சுற்றிலும் மருந்து இல்லாத பட்டறைக்குத்தான் போக வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் மாறும்படி வண்டியைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதால், வேண்டாதபோது கழற்றிவிடக்கூடிய போல்ட் இணைப்பே வம்பில்லாதது.

பலன் எப்படி? பின்மூலையில் கையை வைத்துத் தள்ளினாலே தெரிந்துவிடும். பக்கவாட்டு ஆட்டம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. முன்பின் அசைவும் குறைகிறது, அதிலும் ஜோடிச் சக்கரங்களுக்கு இடையே விரித்து இறுக்கும் எக்ஸ்-சாக் கட்டையையும் சேர்த்துப் போட்டால். மேலும் கீழுமான துள்ளல் மட்டும் கொஞ்சம் மிஞ்சும். எடை இன்னும் டயரில்தானே இருக்கிறது! கிங்பின்னுக்கு அடியில் வைக்கும் முக்காலி முன்கட்டில் படுப்பவருக்கு ஓரளவு உதவும். பின்கட்டுக்கு அதனால் ஒன்றும் இல்லை.

விற்பனைப் படங்களில் வண்டி எப்போதும் கான்கிரீட் தளத்தில் நிற்கிறது. விருதுநகர், சாத்தூர் பக்கத்துக் கரிசல் மண்ணில் நிறுத்திப் பார்த்தால் தெரியும் சேதி. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் நிலம், ஐப்பசி மழையில் உப்பிக் குழைந்துவிடும். சாயங்காலம் ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த கால், விடிவதற்குள் ஒரு பக்கம் அமிழ்ந்தால் இறுக்கிய முட்டுக்கம்பி வண்டியைத் தாங்காது, அதுவே வளையும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் அகலமான தடித்த பலகையோ இரும்புத் தகடோ போடுவது இங்கே விருப்பம் அல்ல, கட்டாயம். அதற்கு ஆகும் செலவு கம்பிகளின் விலையில் சிறு பங்குதான்.

வரிசையும் முக்கியம். முதலில் இடவலமாக மட்டம் பார்த்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பிறகே இழுவை வண்டியைக் கழற்ற வேண்டும். முன்காலால் முன்பின் மட்டம் சரிசெய்த பின், பின் ஜாக்கியை மண்ணில் படும்வரை இறக்கி லேசாக இறுக்கினால் போதும். அதைக் கொண்டு வண்டியைத் தூக்கப் பார்த்தால் சேஸிஸ் முறுகி, கதவு சாத்த மறுக்கும். கடைசியாகத்தான் முட்டுப் போல்டுகள்.

திருச்செங்கோட்டு போர்வெல் லாரி, வேலையைத் தொடங்கும் முன் ஹைட்ராலிக் ஜாக்கிகளில் தன்னைத் தூக்கி நிறுத்திக்கொள்வதை ஊர் ஊராகப் பார்த்திருக்கிறோம். கேம்பருக்கும் அப்படிப்பட்ட தானியங்கி ஏற்பாடு கிடைக்கிறது, எடையை டயரிலிருந்து கணிசமாக எடுத்துவிடுவதால் துள்ளலையும் அடக்கும். முட்டுக்கம்பிக்குச் சில நூறு டாலர் என்றால் அதற்குச் சில ஆயிரம். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் தங்குகிறவர் அதை யோசிக்கலாம். வாரக்கடைசிக்குக் கிளம்புகிறவருக்கு முட்டுக்கம்பியும் நல்ல பலகைகளும் தாராளம். கிளம்பும்போது கால்களை ஏற்றி இறக்கும் மோட்டாரின் பொத்தானை அமுக்குவதற்கு முன் எல்லாப் போல்டுகளையும் தளர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் மோட்டார் கம்பியையும் சேர்த்து இழுத்து வளைத்துவிடும். அந்தப் பொத்தானுக்கு மேலே சிவப்பு மையில் அதை எழுதி ஒட்டிவிடுவது நல்லது.