பொன்னாடை போதும், பணியாணை எங்கே?

2023 குடியரசு தினத்தையொட்டி வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற செங்கல்பட்டு மாவட்டத்துப் பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினர் இருவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அதன்பின் பழங்குடி அறிவைப் பற்றிப் பேசாத கல்விக் கருத்தரங்கே இல்லை என்றாகிவிட்டது. பள்ளிகளுக்கும் இரண்டு நாள்கள் வாய்த்திருக்கின்றன: ஆகஸ்ட் 9 உலகப் பழங்குடிகள் நாள்; பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் பிறந்த நாளான நவம்பர் 15. பின்னது 2021 முதல் பழங்குடியினர் பெருமை நாளாகக் கொண்டாடப்படுகிறது. நிகழ்ச்சி நிரல் ஏறத்தாழ ஒன்றுதான். இலைதழை கட்டிய மாறுவேடம், ஒரு நடனம், மேடைக்கு அழைக்கப்பட்ட மூத்தவர் ஒருவருக்குப் பொன்னாடை, அரைமணி நேரப் பேச்சு, குழுப்படம். இதைக் குறை சொன்னால், "இது முதல் படிதானே, இதையும் பழித்தால் எப்படி?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியோடுதான் எனக்குச் சண்டை.

நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஊரார் தள்ளிவைத்த சமூகத்தைச் சேர்ந்தவர் மேடையில் அமர்வதைப் பார்க்கும் இருளர் குழந்தைக்கு அது சின்ன விஷயமல்ல. பாம்பைக் கண்டதும் கம்பெடுக்கும் பிள்ளைகள் எது நஞ்சுள்ளது, எது இல்லாதது என்று தெரிந்துகொண்டால் பாம்புக்கும் நல்லது, பிள்ளைகளுக்கும் நல்லது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். இப்படிப்பட்ட நாட்டில் இந்தப் பாடம் அலங்காரமல்ல, அவசியம். சொந்த முயற்சியில் இதைச் செய்கிற நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள். இவற்றை ஒப்புக்கொண்டே மேலே போகிறேன்.

பள்ளி கொண்டாடுகிற அந்த அறிவு எப்படிப்பட்டது? நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டுதான் இங்கே விஷமுறிவு மருந்து தயாராகிறது. அந்த விஷத்தில் பெரும்பங்கைத் தருவது 1978இல் தொடங்கப்பட்டு வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அரசு அனுமதித்த எண்ணிக்கையில் பாம்புகளைப் பிடித்துவந்து, சில வாரங்கள் வைத்து, விஷம் எடுத்தபின் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். விட்ட பாம்பையே உடனே மறுபடி பிடித்துவிடாதபடி அதன் வயிற்றுச் செதிலில் அடையாளம் இடுகிறார்கள். வளை வாயில் மண் அழுந்தியிருக்கும் விதம், உரித்துப்போட்ட சட்டை, எச்சம், எலி நடமாட்டம் ஆகியவற்றைப் பார்த்து உள்ளே இருப்பது எது, இப்போது இருக்கிறதா, போய்விட்டதா என்று கணிக்கிறார்கள். அதன்பிறகுதான் கடப்பாரை இறங்குகிறது. ஊகம், சோதனை, திருத்தம் எல்லாம் இதில் உண்டு. தவறினால் உயிர் போகும். அப்பா அம்மாவின் பின்னால் வரப்பிலும் புதரிலும் நடந்து நடந்தே பிள்ளைகள் இதைக் கற்கிறார்கள்.

இத்தனையும் வகுப்பறைக்குள் வரும்போது 'இருளர்கள் பாம்பு பிடிப்பதில் வல்லவர்கள்' என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகிறது. கோடிட்ட இடத்தை நிரப்புவதற்கு உதவும். இந்தச் சுருக்கத்தையும் பொறுத்துக்கொள்ளலாம். எந்த அறிவும் பாடநூலில் ஓரளவு சுருங்கத்தான் செய்யும். பொறுக்க முடியாதது வேறொன்று. அறிவைப் பாடமாக்கத் துடிக்கும் பள்ளி, அந்த அறிவை உடையவரை ஆசிரியராக்க மறுக்கிறது. அவர் விருந்தினராக வரலாம், மாதிரியாக நிற்கலாம், பொன்னாடை வாங்கலாம். வருகைப் பதிவேட்டில் ஆசிரியர் பக்கத்தில் மட்டும் அவர் பெயர் ஏறாது.

சட்டம் இடம் தரவில்லை என்பார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் வழியே எட்டாம் வகுப்பு வரை ஆசிரியராக, பயிற்சிப் பட்டயமோ பட்டமோ வேண்டும், தகுதித் தேர்விலும் தேற வேண்டும். தகுதியில்லாதவர்கள் கையில் ஏழைப் பிள்ளைகள் சிக்கிவிடக் கூடாது என்ற நோக்கம் நியாயமானது. ஆனால் வேண்டியவர்களுக்காகக் கதவைத் திறக்க நம் அரசுகளுக்குத் தெரியாதா என்ன? தொழில் நிறுவனங்களில் அனுபவம் பெற்றவர்கள் பட்டம் இல்லாமலே பல்கலைக்கழகப் பேராசிரியராக அமர, பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வழி செய்தது. ஓவியம், தையல், உடற்கல்வி என்று தமிழ்நாடு 2012இல் பகுதிநேர ஆசிரியர்கள் 16,000க்கும் மேற்பட்டோரை நியமித்தது. உள்ளூர் வல்லுநர்களைப் பள்ளிகள் பயிற்றுநர்களாக அமர்த்தலாம் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கையே சொல்கிறது. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. அதற்கான காரணங்கள் வலுவானவை. ஆனால் உள்ளூர் வல்லுநர் பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் சொந்தப் பெயரில் நிறைவேற்ற யார் தடுத்தார்கள்?

2017இல் புளோரிடாவின் சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க, அமெரிக்கர்கள் அழைத்துப்போனது இதே மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும்தான். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்கள் பின்னால் நடந்தார்கள். செங்கல்பட்டில் ஓர் அரசுப் பள்ளியில் வாரம் இரண்டு பாடவேளை எடுக்க மட்டும் அவர்களுக்குத் தகுதியில்லை.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் 1982இல் மழலையர் கூடங்களைத் தொடங்கியபோது தம் மொழி தெரிந்த பாட்டிகளையே ஆசிரியர்களாக உட்கார வைத்தார்கள். முதலில் ஆள், அப்புறம்தான் பாடத்திட்டம். அரசின் அங்கீகாரம் அதற்கும் பின்னால்தான் வந்தது. இன்று அங்கே சிறப்புத் திறன் உடையவர்கள் ஆசிரியப் பட்டமின்றியே வரையறுக்கப்பட்ட அனுமதியோடு பள்ளியில் கற்பிக்கலாம். அங்கே எல்லாம் நேராகிவிட்டது என்பதல்ல என் வாதம். இது செய்ய முடிகிற காரியம் என்பதுதான்.

நம் பள்ளிகள் இதைச் செய்யாததற்குக் காரணம் சட்டமல்ல, பயம் என்றே நினைக்கிறேன். இருளர் மூத்தவர் ஒருவர் ஆசிரியராக வந்தால் பாம்போடு நிறுத்துவாரா? செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாகக் கிடந்த கதை வரும். சாதிச் சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலக வாசலில் நின்ற வருடங்கள் வரும். வளை தோண்டி எலி பிடித்துத் தின்ற பசி வரும். மேடைப் பேச்சுக்கு அரைமணி என்று கணக்கு வைப்பது இவற்றையெல்லாம் வெளியே நிறுத்தத்தான். சம்பளம் வாங்கும் ஆசிரியர் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று தாமே முடிவு செய்வார், மதிப்பெண்ணும் போடுவார். விருந்தாளிக்கு அந்த அதிகாரம் கிடையாது.

அதனால் இது முதல் படி என்ற பேச்சை நான் நம்புவதில்லை. கூட்டுறவுச் சங்கம் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இரண்டாம் படி இன்னும் கண்ணில் படவில்லை. இருளர் குடியிருப்புக்கு அருகிலுள்ள ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் அந்தச் சமூகமே தேர்ந்தெடுக்கும் ஒருவருக்கு மாதச் சம்பளத்தோடு ஓர் இடம் கொடுங்கள். எதைக் கற்பிக்கலாம், எதைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுங்கள். அதுவரை பள்ளிகள் விழா எடுக்கட்டும், படமும் பிடிக்கட்டும். அதற்கு மரியாதை என்று பெயர் வைக்காமலிருந்தால் போதும்.