போட்டியில்லாக் கொள்முதலின் பிறப்பிடம்: ஆவடி முதல் விண்வெளி நிலையம் வரை

அரசு ஒரு பொருளையோ பணியையோ வாங்கும்போது பலரிடமும் விலை கேட்டு ஒப்பிட்டு, தகுதியுள்ளோரில் குறைந்த விலை கூறியவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது பொதுவிதி. இதற்கு விலக்காக, ஒரே நிறுவனத்திடம் விலை கேட்டு அதற்கே ஒப்பந்தத்தை அளிக்கும் முறையும் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அலுவலகங்களிலும் தொழிற்பேட்டைகளிலும் அதற்குச் சிங்கிள் டெண்டர் என்று பெயர். நடுவண் அரசின் பொது நிதி விதிகள் 2017, தம் 166ஆம் விதியில் இதற்கு மூன்று வாயில்களைத் திறந்துவைத்துள்ளன: வேண்டிய பொருளைக் குறிப்பிட்ட ஒரு நிறுவனம் மட்டுமே தயாரிக்கிறது என்று வாங்கும் துறை அறிந்திருப்பது, அவசர நிலை, ஏற்கெனவே உள்ள இயந்திரங்களோடு உதிரிபாகங்கள் பொருந்தியாக வேண்டிய தேவை. விண்வெளி நிலைய ஆய்வுக்கருவிகளைப் பேணும் ஒப்பந்தங்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம் முதலாவதும் மூன்றாவதும்தான். இந்த வழக்கத்தைத் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து எடைபோடுவதற்குக் காரணம் உண்டு. மாவட்டத்தின் தென்பகுதியில் போட்டியின்றியே ஆணை பெற்றுவந்த ஆவடிப் பாதுகாப்புத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. வடக்கே பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இருக்கிறது. சென்னையிலிருந்து சூளூர்ப்பேட்டைக்குச் செல்லும் ரயில் பாதையில், இரண்டுக்கும் இடையே, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில் வளாகம் இருக்கிறது.

விலக்கைப் பயன்படுத்த விரும்பும் துறை, பிஏசி என்று சுருக்கமாக வழங்கும் தனியுரிமைப் பொருள் சான்றிதழை எழுதித்தர வேண்டும். அந்தப் படிவத்தில் இருப்பவை நான்கே செய்திகள்: பொருளைத் தயாரிப்பவர் இன்னார், இன்ன காரணங்களால் வேறெந்தத் தயாரிப்போ மாதிரியோ ஏற்புடையதன்று, நிதிப் பிரிவின் இசைவு, உரிய அதிகாரியின் ஒப்புதல். இரண்டாம் வரியை அடுத்து விடப்பட்டிருக்கும் வெற்றிடத்தில்தான் ஒப்பந்தத்தின் தலைவிதி எழுதப்படுகிறது. அதை நிரப்புபவரோ கருவியைப் பயன்படுத்தப்போகும் அதே ஆய்வாளர் அல்லது பொறியாளர். பழகிய கருவியே வேண்டும் என்று அவர் விரும்புவது இயல்பு. நிதிப் பிரிவு பணம் இருக்கிறதா, விதி பொருந்துகிறதா என்று பார்க்குமே தவிர, மாற்றுக் கருவி உண்மையிலேயே இல்லையா என்று சோதிக்கும் தொழில்நுட்ப அறிவு அதனிடம் எதிர்பார்க்கப்படுவதில்லை. கேட்பவரும் சான்று தருபவரும் ஒருவராகவே இருப்பது இம்முறையின் முதற்குறை; விமர்சகர்கள் வழக்கமாக இதோடு நின்றுவிடுகிறார்கள்.

ஆனால் அச்சான்றிதழ் பல வேளைகளில் முற்றிலும் உண்மையாகவே இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2000 நவம்பர் முதல் மனிதர் தொடர்ந்து வசித்துவரும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில், உயிரணுக்களை வளர்க்கும் வெப்பப்பெட்டி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். மேலே ஒரு பெட்டி பறக்கும்போது, பழுது வந்தால் ஒத்திகை பார்ப்பதற்காக அதன் இரட்டை ஒன்றும் தரையில் வைக்கப்படுகிறது. தீப்பிடிக்குமா, நச்சாவி விடுமா, கசியுமா என்ற பாதுகாப்பு ஆய்வுகளைக் கடந்த பிறகே கருவி ஏற்றப்படுகிறது. பிறகு ஒரு ரப்பர் வளையத்தின் பொருளை மாற்றினாலும் அந்தக் கோப்பு மீண்டும் திறக்கப்படும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் பயோசெர்வ் போன்ற அமைப்புகள் இத்தகைய கருவிகளைத் தாமே வடிவமைத்து, கட்டி, தரையிலிருந்து இயக்கவும் செய்கின்றன. அவ்வாறான கருவியின் பராமரிப்பை மலிவு கருதி இன்னொருவரிடம் ஒப்படைத்தால், அவர் தரை இரட்டையைப் புதிதாகக் கட்டி, ஆவணங்களைக் கற்று, பாதுகாப்பு ஆய்வுக்குத் தயாராவதற்குள் மிச்சப்படுத்த நினைத்த பணம் கரைந்துபோகும். விண்வெளி வீரரின் பணிநேரம் வீணானால் அதற்கு ஈடே கிடையாது. இத்தகைய இடங்களில் போட்டி வைப்பது சடங்காகவே முடியும்.

இருவரை வளர்ப்பதற்கு ஆகும் செலவு வீண் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடவும் முடியாது. வீரர்களை நிலையத்துக்கு ஏற்றிச்செல்லும் பணியை 2014இல் நாசா இரு நிறுவனங்களுக்குப் பிரித்தளித்தது: போயிங்குக்குச் சுமார் 420 கோடி டாலர், ஸ்பேஸ்எக்ஸுக்குச் சுமார் 260 கோடி டாலர். பத்தாண்டுகள் கழித்து, 2024 ஜூனில் இருவரை ஏற்றிச்சென்ற போயிங்கின் ஸ்டார்லைனர் கோளாறு காரணமாக ஆளின்றித் திரும்பியது. அவ்விருவரும் 2025 மார்ச்சில் ஸ்பேஸ்எக்ஸ் கலத்தில் தரையிறங்கினர். இரண்டாம் நிறுவனத்துக்குச் செலவிட்ட தொகையின் பயன் அன்று கண்கூடாயிற்று. இதற்கு நேர்மாறான பாடமும் உண்டு. விண்வெளி உடைகளுக்காக 2022இல் ஆக்சியம், காலின்ஸ் ஆகிய இரு நிறுவனங்கள் தேர்வாயின. 2024இல் காலின்ஸ் தன் பொறுப்பிலிருந்து விலகவே, முறையான போட்டியில் தொடங்கிய திட்டம் ஒற்றை நிறுவனத்திடம் வந்து நின்றது. வாங்குபவர் ஒருவரே உள்ள சந்தையில் விற்பவர் பலராக நீடிப்பது அரிது.

இந்தியாவின் அண்மை அனுபவமும் இதை ஒட்டியதே. விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லாவை 2025 ஜூனில் விண்வெளி நிலையத்துக்கு அனுப்புவதற்காக இஸ்ரோவின் மனித விண்வெளிப் பயண மையம் உடன்பாடு செய்துகொண்ட நிறுவனம், நாசாவால் அடையாளம் காட்டப்பட்ட ஆக்சியம் ஸ்பேஸ். சுமார் 550 கோடி ரூபாய் என்று சொல்லப்படும் அச்செலவில் பயணமும் பயிற்சியும் அடங்கும். வெந்தயமும் பச்சைப்பயறும் முளைப்பது முதல் நுண்பாசி வளர்ப்பு வரை இந்திய ஆய்வுகள் பலவும் அப்பயணத்தில் நடந்தன. கதவின் சாவி நாசாவிடம் இருந்ததால் அன்று இந்தியாவுக்குத் தேர்வு கிடையாது. அந்த ஒப்பந்தத்தைக் குறைகூற இடமில்லை. சாவி நம் கையிலேயே இருக்கும்போது என்ன நடக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கு ஆவடி விடை சொல்கிறது. 1960களில் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை, ராணுவத்தின் டாங்கித் தேவைக்குப் போட்டியின்றி ஆணை பெற்றுவந்த இடம். 2021 அக்டோபர் 1இல் 41 படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாக்கப்பட்டபோது, அது ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்தின்கீழ் வந்தது. அதற்குச் சில நாள் முன்னர், செப்டம்பர் 23இல், 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கான 7,523 கோடி ரூபாய் ஆணை அத்தொழிற்சாலைக்கு வழங்கப்பட்டது. வடிவமைத்ததும் ஆவடியிலேயே உள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம்; எனவே வேறு யாரிடம் கேட்பது என்ற கேள்வியே எழவில்லை. இந்த ஏற்பாடு பல தலைமுறைகளாகத் தேர்ந்த தொழிலாளர்களை ஓரிடத்தில் வைத்திருந்தது. ஆண்டுதோறும் ஏலம் நடத்திக் கலைத்திருந்தால் அந்தத் திறன் எப்போதோ சிதறியிருக்கும். ஆயினும் அர்ஜுனின் எஞ்சின் ஜெர்மனியின் எம்டியு நிறுவனத்துடையது. உள்நாட்டில் போட்டியில்லாமல் ஆணை பெற்ற தொழிற்சாலை, வெளிநாட்டில் போட்டியில்லாத ஒருவரை நம்பி நிற்கிறது. கீழ்நிலையில் ஒருவர் தாமதித்தால் மேலே உள்ள அத்தனையும் தாமதிக்கும். 1500 குதிரைத்திறன் கொண்ட உள்நாட்டு டாங்கி எஞ்சினின் முதல் சோதனை இயக்கம் மைசூரில் நடந்தது 2024 மார்ச்சில்தான். அர்ஜுனுக்கான முதல் ஆணை 124 டாங்கிகளுக்காக 2000ஆம் ஆண்டிலேயே தரப்பட்டது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பேசப்படும் ஒப்பந்தங்களுக்கு வெளியே நிற்பவர்களையும் இங்கே கவனிக்கலாம். கும்மிடிப்பூண்டியிலோ காக்களூர்த் தொழிற்பேட்டையிலோ சிஎன்சி இயந்திரம் வைத்திருக்கும் பட்டறைக்கு ஜாப் ஒர்க்காக வரும் வரைபடத்தில் அளவுகளும், பொருந்து இடைவெளிகளும், பாக எண்ணும் இருக்கும்; மூலையில் முதன்மை ஒப்பந்ததாரரின் பெயர் இருக்கும்; அந்தத் துண்டு எந்தக் கருவியில் எந்த வேலையைச் செய்யப்போகிறது என்பது இருக்காது. வேலை முடிந்ததும் வரைபடமும் திரும்பிப் போய்விடும். பத்தாண்டுகள் மைக்ரான் பிசகாமல் கடைந்து கொடுத்தவரும், அந்தக் கருவியின் பராமரிப்பு வேலைக்கு வரும்போது "முன்னனுபவம் இல்லாதவர்" ஆகிவிடுகிறார். சிறு, குறு நிறுவனங்களிடம் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டை வாங்க வேண்டும் என்ற நடுவண் அரசுக் கொள்கை உண்டு. ஆனால் பிஏசி எழுதப்பட்ட பொருளுக்குள் அந்தக் கொள்கையால் நுழைய முடியாது. கை வேலை பலரிடம் பரவியிருக்க, சான்று அளிக்கும் உரிமை ஒருவரிடமே குவிந்திருக்கிறது. ஒற்றை விற்பனையாளர் என்ற தோற்றத்தில் ஒரு பகுதி இவ்வாறு உண்டானதே.

ஆகவே, பராமரிப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் போட்டி ஏன் இல்லை என்று கேட்பது காலம் கடந்த கேள்வி. கருவி முதன்முதலாக வாங்கப்பட்ட அன்று வரைபடம், மென்பொருளின் மூலநிரல், காலிப்ரேஷன் எனப்படும் அளவீட்டுச் சரிபார்ப்பு முறை, சோதனைத் தாங்கிகள் ஆகியவை யாருடைய உடைமை என்று எழுதப்பட்டதா இல்லையா என்பதிலேயே சிங்கிள் டெண்டர் பிறக்கிறது. பத்தாண்டுகள் கழித்து எழுதப்படும் பிஏசி அந்தப் பிறப்பைப் பதிவுசெய்வது மட்டுமே. பராமரிப்பைக் கருவி விற்றவரிடமோ தகுதியுள்ள வேறொருவரிடமோ ஒப்படைக்கலாம் என்று பொது நிதி விதிகளின் 169ஆம் விதி தாராளமாகவே சொல்கிறது. அந்த வேறொருவர் வேலை செய்யத் தேவையான தாள்கள் அரசிடம் இல்லாதபோது அவ்விதி காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

அமெரிக்காவின் 1984ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் இங்கே ஒரு படி முன்னே நிற்கிறது. ஒற்றை நிறுவனத்துக்கு ஒப்பந்தம் தருவதற்கான நியாயத்தில், அடுத்த கொள்முதலுக்குள் போட்டிக்கான தடையை நீக்கத் துறை என்ன செய்யும் என்பதையும் எழுத வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் கேட்கிறது. அந்த ஆவணத்தைக் குறித்த நாட்களுக்குள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவும் கேட்கிறது. அங்கும் அப்பகுதியைச் சம்பிரதாயமாக நிரப்பிவிட்டுப் போக இடமுண்டு. ஆயினும் எழுதியது பொதுவில் கிடப்பதால், அடுத்த முறை அதே வாக்கியத்தை எழுத வரும் அதிகாரி சற்றே கூச வேண்டியிருக்கும். நம் பிஏசியில் இதற்கு இணையான ஐந்தாம் வரி கிடையாது.

உரிமைகள் அனைத்தையும் முதல் நாளிலேயே வாங்கிவிட வேண்டும் என்பதும் நடைமுறைக்கு ஒவ்வாது. விற்பவர் அதற்குத் தனி விலை கேட்பார். சில கருவிகளுக்கு அந்த விலை கருவியின் விலையையே தாண்டும். மூன்றாண்டில் தூக்கியெறியப்படும் அளவைக் கருவிக்கு அது தேவையில்லை. இருபதாண்டு இயங்க வேண்டிய உயிர்காப்பு அமைப்புக்குத் தேவை. இரண்டுக்கும் ஒரே பிஏசி படிவத்தை நீட்டுவதுதான் பிழை. இஸ்ரோவே விகாஸ் என்னும் ராக்கெட் எஞ்சின் விஷயத்தில் கோத்ரெஜ், எம்டிஏஆர் என்ற இரு நிறுவனங்களை வளர்த்திருப்பதால், முக்கியமானவற்றுக்கு இரண்டாம் கையைப் பழக்கும் மரபு நமக்கு அந்நியமன்று. அங்கே எஞ்சினின் வடிவமைப்பு அரசின் கையில் இருந்தது. இரண்டாமவரைப் பழக்க முடிந்ததற்கு அதுவே அடிப்படை.

இந்தியா அமைக்கவிருக்கும் விண்வெளி நிலையமான பாரதிய அந்தரிக்ஷ நிலையத்தின் முதற்கூறுக்கு 2024 செப்டம்பரில் அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது. அதை 2028இல் ஏவுவதும் 2035க்குள் நிலையத்தை முழுமையாக்குவதும் இலக்கு. அதனுள் வைக்கப்படும் ஆய்வுக்கருவிகளை 2040களில் யார் பேணலாம் என்பது அக்கருவிகளுக்கான முதல் கொள்முதல் ஆணைகளின் பின்னிணைப்புகளில் தீர்மானமாகிவிடும். வரைபட உரிமையும் தரை இரட்டையும் அரசிடம் இருக்குமானால், கும்மிடிப்பூண்டிப் பட்டறை ஒன்று உரிய தகுதிச் சோதனைகளைக் கடந்து பராமரிப்பு வேலைக்கு விலைப்புள்ளி கொடுக்கலாம். இல்லையேல் அப்போதும் அதே பட்டறை அதே பாகத்தைக் கடையும், விலையை மட்டும் முதன்மை ஒப்பந்ததாரர் நிர்ணயிப்பார்.