பின்னணி இசை வேண்டாம்

வேகக் கார் விமர்சன வீடியோ என்றால் நான் முதலில் தேடுவது ஓட்டுகிறவரின் காலை. பெடல் பக்கம் ஒரு கேமரா வைத்திருந்தால் ஆள் விஷயம் தெரிந்தவர். வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தபடியே அதே பாதத்தின் ஓரத்தால் ஆக்ஸிலரேட்டரைத் தட்டி கியரைக் குறைக்கும் வித்தை, முகத்தைக் காட்டும் கேமராவில் அகப்படாது.

அடுத்தது சத்தம். எஞ்சின் பாடும்போது டிரம்ஸ் எதற்குங்க?

கோவையைச் சுற்றியே இரண்டு நல்ல பரீட்சைக்கூடங்கள் உண்டு. ஒன்று, பந்தயக்காரர் எஸ். கரிவரதன் பெயரில் 2003-ல் செட்டிபாளையத்தில் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே. சுற்று 2.1 கிலோமீட்டர்தான்; குதிரைசக்தியை மட்டும் நம்பி வரும் கார் இங்கே திணறும். இன்னொன்று, ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது டர்போ எத்தனை தாமதமாக விழிக்கிறது, இறங்கும்போது பிரேக் சூடேறித் தளர்கிறதா என்று சொல்பவரே விமர்சகர்.

2013-ல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ வெறும் 1.2 லிட்டர், 105 பிஎஸ். தாளில் சாதாரணம். அதை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள் என்பதை நல்ல வீடியோ ஒரே வளைவில் புரியவைத்துவிடும்.

மலைச் சாலையில் ஸ்பீடோமீட்டரைக் காட்டிப் பெருமையடிப்பவரின் வீடியோவை மட்டும் பாதியிலேயே மூடிவிடுங்கள். எதிரே அரசுப் பேருந்து வரும்.