கட்டபொம்மன் நாடகத்தில் வெள்ளையம்மாள்

முத்தமிழுள் நாடகத்தமிழைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அச்சேறிய நூல்களையே சான்றாகக் கொண்டு பேசுவர். அச்சேறாது, நடிகர்தம் நினைவிலும் கையெழுத்து ஏடுகளிலும் வாழ்ந்துவரும் இசை நாடகங்கள் அவர்தம் ஆராய்ச்சி எல்லைக்கு வெளியே நிற்பது வழக்கமாயிற்று. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சமவெளிச் சிற்றூர்களில் கோயில் திருவிழாவையொட்டி விடியவிடிய நடைபெறும் நாடகங்கள் அத்தகையன. அவற்றுள் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் அரிச்சந்திராவும் காதலையும் அறத்தையும் பாடுவன. வீரபாண்டிய கட்டபொம்மன் நாடகமோ போரைப் பாடுவது. அப்போர் நாடகத்தின் நடுவே வெள்ளையத்தேவன், வெள்ளையம்மாள் என்னும் இருவரது காதற் பகுதி அமைந்துள்ளது. இப்பகுதி நாடகத்துக்கு உறுப்பா, அன்றி ஒட்டா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

'வீரச்சுவை நாடகத்தில் காதல் இடைப்பிறவரல். மக்களை மகிழ்விக்கப் புகுத்தப்பட்ட அணி. அதனை நீக்கினும் நாடகம் குறைவுபடாது' என்பது ஒரு கருத்து. 'போருக்குச் செல்லும் கணவனைத் தடுக்கும் மனைவி வீரமரபுக்கு இழுக்கு' என்பது மற்றொரு கருத்து. இவ்விரண்டும் பொருந்தா என்பதும், அப்பெண்ணின் குரலே இந்நாடகத்தை அவலத்தின் உயர்நிலைக்குக் கொண்டுசெல்கிறது என்பதும் நம் துணிபு. அதனை முறையே காண்போம்.

அரங்கும் போரும்

தவத்திரு சங்கரதாச சுவாமிகள் (1867-1922) வகுத்துத் தந்த இசை நாடக மரபு, பிற்காலத்தில் 'ஸ்பெஷல் நாடகம்' என்னும் முறையாக மாறியது. நிலையான குழு ஒன்று இதற்கில்லை. இராஜபார்ட் ஓர் ஊரினர். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரினர். பபூன் மற்றோர் ஊரினர். ஊரார் தனித்தனியே ஒப்பந்தம் செய்ய, அனைவரும் நாடக இரவில்தான் ஒன்றுகூடுவர். முன்னொத்திகை இல்லை. பாடமும் பாட்டும் அனைவர்க்கும் பொதுவாக மனப்பாடமாக இருத்தலின், எவர் எவரோடும் நடிக்க இயலும். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு எனப்படும் பல்லோசைத் தாளக்கருவித் தொகுதி ஆகியன பக்க இசை. இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியற்காலை வரை நாடகம் நிகழும்.

இத்தகைய அரங்கில் போரை எங்ஙனம் காட்டுவது? கன்னையா குழுவினர் போன்ற பழைய பெருங்குழுக்கள் தேரும் குதிரையும் மேடைக்குக் கொணர்ந்து வியப்பூட்டின. சிவாஜி நாடக மன்றம் 1957ஆம் ஆண்டு சேலத்தில் அரங்கேற்றிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' பெருஞ்செலவில் அமைந்த காட்சி நாடகம். சக்தி டி. கே. கிருஷ்ணசாமி அதற்கு உரையாடல் எழுதினார். திண்டுக்கல் சமவெளியின் ஊர்ப் பொதுத்திடலில் அவ்வளவு பொருளுக்கு இடமில்லை. ஓவியத்திரை ஒன்றின் முன்னே, நான்கைந்து நடிகரைக் கொண்டே பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையும் கும்பினிப் படையும் தோன்றவேண்டும். ஆகவே அங்குப் போர் காணப்படுவதன்று; கேட்கப்படுவது. பீரங்கி முழக்கம் தாளக்கருவியில் எழுகிறது; படையின் பெருக்கம் தூதுவன் சொல்லில் தெரிகிறது.

காட்சியாற் காட்ட இயலாத போரின் பொருளை யாரேனும் ஒருவர் உள்ளத்தின் வழியாகவே காட்டவேண்டியுள்ளது. கட்டபொம்மனின் உள்ளம் அதற்குப் பயன்படாது. அவனுக்கு ஐயமில்லை, அச்சமில்லை, அவன் சொல் முழக்கமாகவே ஒலிக்கிறது. போரால் இழக்கப்படுவது இன்னதென்று அறிந்தவள் வெள்ளையம்மாள் ஒருத்தியே. அரங்கின் எளிமையே அவளை இன்றியமையாதவள் ஆக்குகிறது. முதற்கருத்துக்கு இதுவே விடை.

துறையும் மரபும்

கட்டபொம்மன் கதை அரங்கிற்கு வருமுன் கதைப்பாடலாகவும் கூத்தாகவும் தென்பாண்டி நாட்டில் வழங்கியது. பேராசிரியர் நா. வானமாமலை அக்கதைப்பாடலைப் பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்தில் அதனை வெளியிட்டது. 1959ஆம் ஆண்டு பி. ஆர். பந்துலு இயக்கிய திரைப்படம் மேடை நாடகத்தின் வழிவந்தது, ஜெமினி கணேசனும் பத்மினியும் இவ்விணையராக நடித்தனர், ஜி. இராமநாதன் இசையமைத்தார். இவ்வடிவங்கள் நுணுக்கங்களில் வேறுபடினும் காதற் பகுதியின் எலும்புக்கூடு ஒன்றே: மனைவி தீக்கனாக் காண்கிறாள், போகவேண்டாம் எனத் தடுக்கிறாள், கணவன் மறுத்துச் சென்று களத்தில் படுகிறான், அவள் களம் புகுகிறாள்.

இவ்வமைப்பைப் புறப்பொருள் வெண்பாமாலையின் துறைகளோடு வைத்து நோக்குதல் தகும். தீய நிமித்தம் கண்டு வீரனின் மனைவி நடுங்குவது ஆனந்தம். கணவன் மாயப் பெருந்துயர் உறுவது ஆனந்தப்பையுள். அவனோடு தானும் மாய்வது மூதானந்தம். நாடோடிப் புலவன் இத்துறைப் பெயர்களை அறிந்தானோ இல்லையோ, வெள்ளையம்மாளின் கதை இம்மூன்றையும் ஒரே பெண்ணின் வாழ்வில், ஒரே இரவின் அரங்கில், தொடர்ச்சியாக அமைத்துக் காட்டுகிறது. இலக்கணம் தனித்தனிச் செய்யுளுக்கு உரியதாகக் கூறியவற்றை நாடகம் ஒரு வளர்ச்சியாக்கியுள்ளது. கண்ணகியின் கனவும் இவ்வாறே சிலப்பதிகாரத்தின் பின்னிகழ்ச்சிகளுக்கு முன்னிழலாக நிற்பது கற்றோர் அறிந்தது. ஆனால் கண்ணகி கனவைத் தோழியிடம் உரைத்து அமைகிறாள். வெள்ளையம்மாளோ கணவனிடமே உரைத்து வாதிடுகிறாள்.

இவ்வாதமே இரண்டாம் கருத்தினர் குறைகாணும் இடம். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய மூதின்முல்லைப் பாட்டில் தந்தையையும் கணவனையும் முன்னரே போரில் இழந்த பெண், தன் ஒரே மகனையும் வேல் கொடுத்து அனுப்புகிறாள். அவளை அளவுகோலாகக் கொண்டால் வெள்ளையம்மாள் சிறியவளாகவே தோன்றுவாள். ஆயின் அவ்வளவுகோல் இங்குப் பொருந்துமா என்பது எண்ணத்தக்கது. புறநானூற்றுப் பெண்ணை நாம் புலவரின் வியப்பின் வழியாகக் காண்கிறோம். அவளது துணிவைப் போற்றுபவர் புலவர். அவள் நெஞ்சினுள் நிகழ்ந்தது நமக்குக் கூறப்படவில்லை. நாடகத்திலோ பெண் தானே பேசவேண்டும். தானே பேசும் பெண் அஞ்சாதிருத்தல் இயற்கையன்று.

மேலும் வெள்ளையம்மாளின் அச்சம் தன்னைப் பற்றியதன்று என்பதற்கு அவள் முடிவே சான்று. தன் உயிரைப் பொருட்படுத்தாது களம் புகுபவளைக் கோழை என்பார் யார்? அவள் தடுத்தது சாவுக்கு அஞ்சியன்று. அவன் சாவின் விலையை அறிந்து. விலை அறியாது கொடுப்பது ஈகையாகாதவாறு போல, இழப்பை உணராது செல்வது வீரமும் ஆகாது. வெள்ளையத்தேவனின் வீரம் பகைவனை எதிர்ப்பதில் மட்டும் இல்லை. அவ்விழப்பை அவள் வாயால் முழுதும் கேட்டபின்னும் செல்வதில் உள்ளது. ஆதலின் அவளது தடை அவன் வீரத்தைக் குறைப்பதன்று; நிறுத்துக் காட்டும் துலாக்கோல் ஆவது.

இசை நாடக மரபில் தருக்கம் என்பது தலையாய உறுப்பு. வள்ளி திருமணத்தில் நாரதரும் வள்ளியும் பாட்டாலும் உரையாலும் வாதிடுவதைக் கேட்கவே கூடும் சுவைஞர் உளர். பிரிவுக் காட்சி இத்தருக்கத்துக்கு இயல்பாகவே இடம் தருவது. அங்கு வெல்பவர் யார் என்பது முன்னரே முடிந்தது. அவன் செல்லவேண்டும், சென்று மடியவேண்டும். எனினும் வாதத்தில் தோற்பவள் அவள் அல்லள். அவள் கூறியதே நடக்கிறது. வாதில் வென்றவள் வாழ்வில் இழக்கிறாள் என்னும் இம்முரணே அவலச்சுவையின் உயிர்நிலை.

குறைகள் இரண்டு

இத்துணைச் சிறப்புடைய பகுதி அரங்கில் குறைபடும் இடங்களையும் கூறுதல் கடன். திரைப்படம் இக்காதலை ஏறுதழுவுதலில் தொடங்கியது. அவள் வளர்த்த அடங்காக் காளையை அவன் அடக்கி அவளைப் பெறுகிறான். முல்லைத்திணை மரபை நினைவூட்டும் அழகு இதற்கு உண்டு. ஆனால் காதல் ஒரு வெற்றியின் பரிசாகத் தோன்றும்போது, பின்வரும் பிரிவில் பேசவேண்டிய பெண்ணின் உரிமைக்குரல் சற்றே தாழ்கிறது. கணவனைக் கொன்றவனை அவள் பழிவாங்குவதும் அவ்வாறே. காண்போர் நெஞ்சு அதனால் ஆறுதல் பெறுகிறது. ஆறுதல் பெற்ற நெஞ்சில் அவலம் நிலைப்பதில்லை.

மற்றொரு குறை மேடைக்கு உரியது. திரைப்படத்தின் புகழால் கட்டபொம்மனும் சாக்சனும் சந்திக்கும் காட்சியின் உரையாடல் நாட்டார் நாவிலெல்லாம் பதிந்துவிட்டது. 1798ஆம் ஆண்டு இராமநாதபுரத்தில் நிகழ்ந்த அச்சந்திப்பைக் காணவே மக்கள் திரள்வது இயல்பு. அம்முழக்கம் முடிந்ததும் நாடகம் முடிந்ததாகக் கருதிப் பின்னைய காட்சிகளைச் சுருக்கினால், விடியலை ஒட்டி வரவேண்டிய பிரிவுக் காட்சியே முதலில் பலியாகும். முழக்கத்தைக் கேட்டு எழுந்து செல்வோர் போரின் தொடக்கத்தை மட்டுமே கண்டவர். போரைக் கண்டவர் ஆகார்.

வரலாறும் சமவெளியும்

கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதோடு நாடகம் முடிகிறது. ஆனால் திண்டுக்கல் மக்களுக்குரிய போர் அதன் பின்னரே வந்தது. விருப்பாட்சி கோபால நாயக்கர் தலைமையில் திண்டுக்கல் பாளையக்காரர்கள் கூட்டணி அமைத்துக் கும்பினியாரை எதிர்த்தனர். அவர் 1801 செப்டம்பர் 5ஆம் நாள் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். கட்டபொம்மனின் இளவல் ஊமைத்துரை, காளையார்கோயில் வீழ்ந்தபின் இப்பக்கம் வந்து, வத்தலக்குண்டுப் பகுதியில் பிடிபட்டு, அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார்.

இவ்வூமைத்துரையைப் பற்றி, எதிர்ப்படையில் பணியாற்றிய வெல்சு என்னும் ஆங்கிலேயர் 1830ஆம் ஆண்டு வெளிவந்த தம் போர் நினைவு நூலில் ஒரு நிகழ்ச்சியைக் குறித்துள்ளார். 1801 மே மாதம் கோட்டை வீழ்ந்தபோது ஊமைத்துரை புண்பட்டுப் பிணங்களிடையே கிடந்தார். தன் மகனைத் தேடிக் களத்துக்கு வந்த ஒரு தாய், உயிர் பிரியும் நிலையில் அவனைக் கண்டாள். தன்னை விட்டுத் தலைவரைக் காக்குமாறு மகன் வேண்டினான். பெண்கள் ஊமைத்துரையைத் துணியால் மூடி எடுத்துச்சென்று, தேடி வந்தோரிடம் அம்மைநோயால் இறந்த உடல் என்று கூறிக் காத்தனர்.

காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய புறப்பாட்டின் தாயும் களத்தில் பிணங்களைப் புரட்டி மகனைத் தேடியவளே. அவள் மகன் சிதைந்து கிடந்த நிலை கண்டு உவந்தாள். வெல்சு குறித்த தாய்க்கு உவக்க நேரமில்லை. அவள் ஓர் உயிரைக் காத்தாள். பாட்டின் தாய், வரலாற்றின் தாய், நாடகத்தின் மனைவி ஆகிய மூவரும் ஒரே களத்தில் ஒரே வேலையைச் செய்கின்றனர்: போர் முடிந்தபின் தமக்குரியவரைத் தேடுகின்றனர். ஆகவே வெள்ளையம்மாள் களம் புகும் காட்சி அரங்கின் அணியுமன்று, வெறுங்கற்பனையுமன்று. பெயர் எழுதப்படாத பெண்கள் பலருடைய செயல் அவள் பெயரால் வழங்குகிறது எனல் பொருந்தும். அத்தாய் காத்த உயிர்தான் பின்னர் வத்தலக்குண்டு வரை வந்தது என்பதை நினைப்போர்க்கு, இச்சமவெளியில் நடக்கும் அந்நாடகம் பாஞ்சாலங்குறிச்சியின் கதை மட்டுமன்று என்பது விளங்கும்.

முடிவு

வெள்ளையம்மாள் பகுதி கட்டபொம்மன் நாடகத்தின் ஒட்டன்று, உறுப்பு. உறுப்பினும் உயிருறுப்பு என்பது இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும். வீரத்தின் அளவைக் காட்டுவதும், போரின் விலையைக் கூறுவதும், பழந்தமிழ்த் துறைகளை இன்றைய அரங்கோடு இணைப்பதும் அவள் குரலே. அக்குரலுக்கு அச்சுப் பாடம் காவலன்று. நடிகர்தம் நினைவே காவல். ஸ்திரீபார்ட் நடிகையர் பிரிவுக் காட்சியில் பாடும் பாட்டுகளும் கூறும் வாதங்களும் ஒருவர்க்கு ஒருவர் வேறுபடுதல் கூடும். அவ்வேறுபாடுகளைச் சுவடி வேறுபாடுகளை ஒப்பச் சேர்த்து ஆராய்வது முதுகலை மாணவர்க்கு ஏற்ற பணி. நள்ளிரவு முழக்கத்தோடு எழுந்து வந்துவிடாமல், விடியற்காலை வரை அரங்கின்முன் அமர்ந்திருத்தல் அப்பணியின் முதற்படி.